போர்வைக்கு அடியில் என்ன வைப்பது?

பேத்திக்குத் துண்டுத்துணிப் போர்வை தைக்கிறேன் என்றதும், "அடியில் என்ன வைக்கிறீங்க டீச்சர்?" என்று கேட்டீர்கள்.

கோணம் பிசகாத நட்சத்திரம் வேண்டுமானால் மெல்லிய தாள்தான். அதில் வரைந்து, துணியை அடியில் வைத்து, கோட்டின் மேலேயே தையுங்கள். அங்குலத்துக்கு 15 முதல் 20 தையல் விழுந்தால் தாள் சுலபமாகக் கிழிந்துவரும். செய்தித்தாள் வேண்டாம், மை ஒட்டும்.

கர்நாடகத்தின் உத்தர கன்னட மாவட்டத்தில் சித்தி இனப் பெண்கள் தைக்கும் 'கவந்தி'க்குப் பழைய புடவைதான் அடித்துணி. ஓரத்தில் தொடங்கி உள்நோக்கித் தைப்பார்கள். அடித்துணி உள்ளேயே தங்கிவிடும்.

நான் எடுத்திருப்பது உங்கள் சாரின் பழைய நூல் வேட்டி. பல சலவை கண்டது, இனிச் சுருங்காது. ஊசியும் லேசாக இறங்குகிறது. தாள் என்றால் கடைசியில் கிழித்தெறிய வேண்டும். தாத்தாவைப் பார்க்காத பிள்ளைக்கு இந்த வேட்டியாவது கூட இருக்கட்டும்.