மருத நிழலும் மணல் ஊற்றும்

யாழ்ப்பாணக் குடாநாட்டிலே பிறந்து வளர்ந்தவர்களுக்கு ஆறு என்பது பெரும்பாலும் புத்தகத்துப் பொருளாகவே இருந்து வருகின்றது. மாரி காலத்திலே மட்டும் நீரோடும் வழுக்கியாற்றைத் தவிர வேறோர் ஆற்றை எமது மாணவர் பலர் தம் ஊரிலே கண்டதில்லை. ஐந்திணைகளை வகுப்பிலே விளக்கும்போது, மருத நிலத்துக்குப் பெயர் தந்த மருத மரத்தைக் கண்டவர் யார் என்று வினவினால், ஒரு கையும் உயர்வதில்லை. இக்குறையை ஓரளவேனும் நீக்க எண்ணி, 2024ஆம் ஆண்டு யூலை மாத முதல் வாரத்திலே, உயர்தரப் பரீட்சையை முடித்துப் பல்கலைக்கழக அனுமதியை எதிர்நோக்கியிருந்த மாணவர் நால்வரை அழைத்துக்கொண்டு, உகந்தையிலிருந்து கதிர்காமத்துக்குச் செல்லும் காட்டுப் பாதையிலே நடந்தோம்.

தொண்டைமானாறு செல்வச்சந்நிதியிலிருந்து கிழக்குக் கரையோரமாகவே நடந்து கதிர்காமம் சேரும் அடியார்கள் இன்றும் உளர். அவ்வளவு தூரம் நடக்க எமக்குக் காலம் போதவில்லை. பொத்துவில் வரை பஸ்வண்டியிலே சென்று, பாணமையைக் கடந்து, உகந்தை முருகன் சந்நிதியை அடைந்தோம். கடற்கரைப் பாறைகளின் நடுவே அமைந்த அத்திருக்கோயிலிலே தீபாராதனை கண்டு, மறுநாள் விடியலிலே, 'அரோகரா' முழக்கத்தோடு அடியார் கூட்டத்துடன் காட்டினுள்ளே புகுந்தோம்.

காட்டு நடை என்றதும் செங்குத்தான மலைகளை எண்ணி அஞ்ச வேண்டியதில்லை. பாதை பெரும்பாலும் சமதரையானது. குழந்தையை இடுப்பிலே சுமந்த தாய்மாரும், கோலூன்றிய முதியோரும் எமக்கு முன்னே சென்றுகொண்டிருந்தனர். இப்பாதையிலே வருத்துவன இரண்டே. ஒன்று வெயில், மற்றது தாகம்.

உகந்தைக்கு அப்பால் விரிவது குமண தேசிய வனம். இங்குள்ள பறவைகள் சரணாலயம் 1938ஆம் ஆண்டிலே அமைக்கப்பட்டது. முன்னர் யால கிழக்கு என வழங்கிய இவ்வனம், 2006ஆம் ஆண்டிலே குமண என்னும் பெயரைப் பெற்றது. போர் காரணமாக 1985ஆம் ஆண்டு முதல் 2003ஆம் ஆண்டு வரை இது மூடப்பட்டிருந்தது. மீண்டும் திறந்த மறு ஆண்டிலேயே, 2004 டிசம்பரிலே, ஆழிப்பேரலை இக்கரையைத் தாக்கியது. இத்தனை இடர்களையும் தாங்கிய பின்னரும், குமண வில்லுக் குளத்தைச் சூழ்ந்த மரங்களிலே கூழைக்கடாவும் நாரையும் கொக்கும் நீர்க்காகமும் கூடியிருந்து குஞ்சு பொரிக்கின்றன.

முதல் நாள் முழுவதும் நாம் கண்டவை பெரும்பாலும் முட்புதர்களே. "சேர், காடு எங்கே?" என்று மாணவன் ஒருவன் ஏமாற்றத்தோடு கேட்டான். இதுவும் காடுதான் என்று விளக்கினோம். இப்பகுதிக்கு மழையை மிகுதியாகத் தருவது வடகீழ்ப் பருவக்காற்று. ஆடி மாதத்திலே வீசும் கச்சானோ ஈரமற்றது, அனல் போன்றது. கடலோர மணலிலே நீர் தங்குவதுமில்லை. ஆகவே இங்குள்ள செடிகள் குட்டையாக வளர்கின்றன. சிற்றிலை கொண்டு நீரைச் சேமிக்கின்றன. முள்ளால் தம்மைக் காக்கின்றன. பயனற்ற பற்றை என்று நாம் இகழும் இப்புதர்களிலேதான் மானும் முயலும் வெயிலுக்கு ஒதுங்குகின்றன. இடையிடையே ஓங்கி நின்ற பாலை மரங்களிலே மஞ்சட் பழங்கள் கனிந்திருந்தன. பால் பிசுபிசுக்கும் அச்சிறு பழத்தின் இனிமையை மாணவர் அன்றுதான் அறிந்தனர். கரடிக்கும் அப்பழம் மிக விருப்பமானது. அதனைத் தேடி மரத்தின்மேலும் ஏறும். எனவே பாலையின் அடியிலே நெடுநேரம் தங்குதல் நன்றன்று.

கும்புக்கன் ஆற்றை அடைந்தபோது வேறோர் உலகத்தினுள் புகுந்தது போலிருந்தது. சற்று முன்வரை இடுப்பளவு புதர். இங்கோ வானத்தை மறைக்கும் மருத மரங்கள்! வெளிறிய வழுவழுப்பான அடிமரங்கள் கரையோரமெங்கும் வரிசையாக நின்றன. அவற்றின் வேர்கள் மண்ணை இறுகப் பற்றிக் கரையை அரிப்பிலிருந்து காத்தன. சிங்களத்திலே இம்மரத்தைக் 'கும்புக்' என்பர். ஆற்றின் பெயரிலும் அச்சொல் ஒலிப்பதை மாணவரே கண்டு கூறினர். ஊவா மலைப்புறத்திலே தோன்றும் ஆறு, வறண்ட நிலத்தின் ஊடே நிழலை ஒரு நாடா போல விரித்துக்கொண்டு கடலை நோக்கிச் செல்கின்றது. மருதத்தை வகுப்பறையிலே எத்தனை முறை விளக்கியிருப்போம்! அம்மரத்தை ஒருமுறை தொட்டுப் பார்த்ததற்கு அவ்விளக்கம் ஈடாகவில்லை.

எமக்குக் கிடைத்த பெரும் பாடம் மூன்றாம் நாளிலே, ஆற்றைக் கடந்து யாலக் காட்டினுள் சென்ற பின்னரே வாய்த்தது. அன்று மாலை, நீரின்றிக் கிடந்த மணலோடை ஒன்றின் கரையிலே தங்கினோம். எமது போத்தல்களிலே நீர் அருகிவிட்டது. எம்முடன் வந்த, மட்டக்களப்புப் பகுதியைச் சேர்ந்த ஆச்சி ஒருவர் ஓடையின் இருமருங்கையும் நோக்கிவிட்டு, "மருது நிக்கிற இடத்தில தண்ணி கிடக்கும்" என்று கூறி, தனித்து நின்ற மருத மரத்துக்கு நேரே மணலைச் சிரட்டையால் அகழத் தொடங்கினார். முழங்கையளவு ஆழத்திலே ஈரம் தோன்றியது. பின்னர் தெளிந்த நீர் மெல்லச் சுரந்தது. யாவரும் பருகினோம். பருகி முடிந்ததும் மாணவன் ஒருவன் காலால் மணலைத் தள்ளி ஊற்றை மூட முற்பட்டான்.

"மூடாத மகன்" என்றார் ஆச்சி. "ராவைக்கு மான் வரும், மரை வரும். அதுகளும் குடிக்கத்தானே வேணும்."

மறுநாட் காலையிலே சென்று பார்த்தோம். ஊற்றைச் சுற்றிப் புள்ளிமானின் குளம்புச் சுவடுகள் நெருக்கமாகப் பதிந்திருந்தன. ஆச்சியின் சொல் பலித்தது என்று மாணவர் மகிழ்ந்தனர். ஆனால் அச்சுவடுகளின் நடுவே, பாதி மென்று துப்பியது போன்ற பிஸ்கற் உறையொன்றும் கிடந்தது. முதல் நாள் மாலை நாம் உண்ட பிஸ்கற்றின் உறையே அது. மறுபாதியைக் காணவில்லை, அது எங்கே போயிருக்கும் என்பதை எவரும் எடுத்துரைக்க வேண்டியிருக்கவில்லை. ஊற்றை மூட முயன்ற மாணவன் தலைகுனிந்து நின்றான். குற்றம் அவன் ஒருவனுடையதன்று. புறப்படுமுன் தங்கிய இடத்தை ஒருமுறை பார்க்கும்படி கூறாத ஆசிரியருக்கும் அதிலே பங்குண்டு.

அன்று முதல் அரிசிச் சாக்கு ஒன்று எமது சுமையோடு சேர்ந்தது. வழியிலே கிடந்த போத்தல்களையும் பொலித்தீன் பைகளையும் மாணவர் முறைவைத்துப் பொறுக்கினர். சிலர் நகைத்தனர், சிலர் தம் கையிலிருந்த வெற்றுப் போத்தல்களைத் தாமாகவே கொண்டுவந்து இட்டனர். மாணிக்க கங்கையின் மருத நிழலை அடைந்தபோது சாக்கு நிறைந்துவிட்டது. கதிர்காமத்திலே அதனைக் குப்பைத் தொட்டியிலே சேர்த்த பின்னரே தீர்த்தமாடினோம்.

இந்நடையை விரும்பும் குடும்பத்தார்க்குச் சில சொற்கள் கூறுதல் தகும். காட்டுப் பாதை ஆண்டு முழுவதும் திறந்திருப்பதன்று. கதிர்காம ஆடிவேல் விழாவை ஒட்டி, அறிவிக்கப்படும் சில நாள்களுக்கு மட்டுமே திறக்கப்படும். கூட்டத்தைப் பிரிந்து தனியே செல்லலாகாது. இருளிலே நடத்தலும் ஆகாது. அவ்வேளையிலே பாதை யானைக்கு உரியது. வைகறையிலே புறப்பட்டு, வெயில் ஏறுமுன் நிழலைச் சேர்தல் நன்று. சுமையைக் குறைத்துக்கொள்க, தண்ணீரை மட்டும் குறைக்க வேண்டாம். அச்சுமையிலே சாக்கொன்றுக்கும் சிரட்டையொன்றுக்கும் இடம் வைத்துக்கொள்க.