7ஆம் இலக்க லெப்டொப்



சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் பெற்றோரும் என்னைப் போன்ற ஆசிரியர்களும் வாசிக்க வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன்.

சென்ற தவணையில் தரம் 9 பிள்ளைகளுக்கு கூகுள் ஃபோர்மில் ஓர் அலகுப் பரீட்சை வைத்தேன். லெப்டொப்கள் 20, பிள்ளைகள் 38. அதனால் இடைவேளைக்கு முன் ஒரு குழு, பின் ஒரு குழு. இரவு புள்ளிகளைப் பார்த்தால், முதல் குழுவில் எழுதிய ஒரு மகனின் கணக்கிலிருந்து இரண்டு விடைகள் வந்திருந்தன. முதலாவதில் 40க்கு 22. இரண்டாவதில் 35.

மறுநாள் வகுப்பில் எல்லோருக்கும் முன்னால் கேட்டேன்: "இன்டர்வலுக்குப் பிறகு களவா வந்து திரும்ப எழுதினீங்களா?"

"இல்ல ஸேர், ஒருக்காத்தான் எழுதின."

நான் நம்பவில்லை. அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

இரண்டு நாள் கழித்து ஒரு மகள் வந்து, "ஸேர், என்ட மார்க்ஸ் வரல்லயே" என்றாள். பட்டியலில் அவள் பெயரே இல்லை. அவள் எழுதியது 7ஆம் இலக்க லெப்டொப்பில். திறந்து பார்த்தேன். அந்த மகனின் கணக்கு அதில் திறந்தபடியே கிடந்தது. அவன் லொக் அவுட் பண்ணாமல் எழும்பியிருக்கிறான். அவள் அதிலேயே எழுதி அனுப்பியிருக்கிறாள். அந்த 35 அவளுடைய உழைப்பு.

பிழை என்னுடையது. 20 லெப்டொப்களுக்கும் ஒரே நிர்வாகிக் கணக்கு, ஒரே பாஸ்வேர்ட். அதைக் கரும்பலகையில் எழுதிப் போட்டவனும் நானே. எல்லோருக்கும் முன்னால் குற்றம் சொன்னவன், எல்லோருக்கும் முன்னாலேயே மன்னிப்புக் கேட்டேன்.

இப்போது இப்படிச் செய்கிறோம்:

1. பரீட்சைக்கென்று தனிக் கணக்கு. அதற்கு நிர்வாகி உரிமை இல்லை. நிர்வாகி பாஸ்வேர்ட் இரண்டு ஆசிரியர்களிடம் மட்டும்.

2. குரோமில் கெஸ்ட் முறையில்தான் திறக்கிறோம். எல்லா ஜன்னல்களையும் மூடினால் உள்நுழைந்த கணக்கும் அழிந்துவிடும்.

3. ஃபோர்மில் பெயரும் சுட்டெண்ணும் கேட்கிறோம். யார் எந்த இலக்க லெப்டொப்பில் இருந்தார் என்பதற்கு ஒரு கொப்பி.

4. அப்டேட், சார்ஜ் எல்லாம் முதல் நாளே. பரீட்சை நடுவில் கணினி ரீஸ்டார்ட் ஆனால் பிள்ளை பதறிவிடும்.

கூகுள் ஃபோர்மின் பூட்டு முறை, பாடசாலை நிர்வகிக்கும் குரோம்புக்குகளில் மட்டுமே வேலை செய்யும். எங்களுடையவை விண்டோஸ். அதற்கு 'சேஃப் எக்ஸாம் பிரவுசர்' என்று இலவச மென்பொருள் ஒன்று உண்டு. பரீட்சை முடியும்வரை வேறெதையும் திறக்க விடாது. அதைப் பழகிக்கொண்டிருக்கிறோம். ஆனால் மேசைக்கு அடியில் இருக்கும் ஃபோனை எந்த மென்பொருளும் பிடிக்காது. அதற்கு ஆசிரியர் நடந்து திரியத்தான் வேண்டும்.

முன்பெல்லாம் பூட்டு என்பது களவு செய்யும் பிள்ளையைப் பிடிக்க என்று நினைத்திருந்தேன். உண்மையில் அது களவு செய்யாத பிள்ளையின் மீது பழி விழாமல் காப்பதற்கு. பிள்ளையின் புள்ளி நம்மிடம் உள்ள அமானிதம்.

பெற்றோரிடம் ஒன்று கேட்கிறேன். பாஸ்வேர்டை நண்பருக்குக் கொடுப்பது நட்பு அல்ல என்பதை வீட்டில் சொல்லிக் கொடுங்கள். எழும்பும்போது லொக் அவுட் பண்ணவும் பழக்குங்கள்.

அந்த மகனின் உம்மாவிடமும் போய்ப் பேசினேன். "பரவாயில்ல ஸேர்" என்றார். அது எனக்கு இன்னும் பரவாயில்லாமல் ஆகவில்லை.