முட்டியைக் கொஞ்சம் மடக்குடா

ஆரணியில் என் தறியிலிருந்து இறங்குகிற புடவை அரை அங்குலம் குறைந்தாலும் முதலாளி கூலியில் பிடிப்பார். அது நியாயம்தான் என்று சொல்கிற ஆள் நான். முப்பது வருஷமாக அளவுகோலும் கையுமாக இருக்கிறேன், நூல் விஷயத்தில் யாரையும் ஏமாற்றியதில்லை. பெற்ற பிள்ளையின் உயரத்தில் ஒரு சென்டிமீட்டர் திருடியிருக்கிறேன்.

முழுப்பரீட்சை லீவு விட்டால் பையன் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: மெட்ராஸ் தீம் பார்க். நான் காட்டியதெல்லாம் பக்கத்தில் இருப்பவை. கணியம்பாடி பக்கம் திரும்பினால் அமிர்தி. காட்டு ஓடை, மான், மயில். சந்தவாசல் வழியாகப் படவேடு ரேணுகாம்பாள். சாத்தனூர் அணைக்கு இரண்டு தடவை. தென்பெண்ணையில் 1958-இல் கட்டியது, 119 அடி தண்ணீர் நிற்கும் என்று நான் பாடம் நடத்த, அவன் முதலைப் பண்ணைச் சுவரைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தான். ஸ்ரீபுரம் தங்கக் கோயிலில் நட்சத்திர வடிவ நடைபாதையைக் காட்டி, "இதுவும் ஒரு ரைடுதான்டா" என்றேன். ஒன்றே முக்கால் கிலோமீட்டர் நடந்து முடித்துவிட்டு, "எப்பப்பா சுத்தும்?" என்று கேட்டான். ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளில் வாந்தி எடுத்தான். "பாத்தியா, ரைடெல்லாம் உனக்கு ஒத்துக்காது" என்று அதையும் எனக்குச் சாதகமாக எடுத்துக்கொண்டேன்.

ஏழாம் வகுப்பு முடித்த வருஷம் தப்பிக்க முடியவில்லை. மச்சான் வேன் பேசிவிட்டார். எங்கள் அப்பா காலத்தில் மெட்ராஸ் என்றால் வி.ஜி.பி. தங்கக் கடற்கரை, அங்கே அசையாமல் நிற்கும் சிலை மனிதர், அவ்வளவுதான். பிறகு எம்.ஜி.எம்., கிஷ்கிந்தா, குயின்ஸ்லேண்ட் என்று ஆளுக்கு ஒன்றாக வந்துவிட்டன. நாங்கள் போனது எது என்பது வேண்டாம். குற்றம் அவர்கள் மேல் இல்லை.

முதல் நாள் ராத்திரி பையனைத் தறிக் கம்பத்தோடு ஒட்டி நிற்க வைத்து, தலைமேல் பென்சிலால் கோடு போட்டேன். 141 சென்டிமீட்டர். 140-க்குள் இருந்தால் குழந்தை டிக்கெட் என்று போய்வந்தவர்கள் சொல்லியிருந்தார்கள். வித்தியாசம் இருநூற்றைம்பது ரூபாய்.

விடியற்காலை நாலு மணிக்கு வேன் கிளம்பியது. வெளிச்சாப்பாடு உள்ளே விடமாட்டார்கள் என்பதால் புளிச்சோற்றைக் காஞ்சிபுரம் தாண்டி ரோட்டோரம் தின்று தீர்த்தோம். டிக்கெட் கவுண்டருக்குப் பக்கத்தில் கோடு போட்ட பலகை. அவன் தோளில் கையைப் போட்டு, காதருகே, "முட்டியைக் கொஞ்சம் மடக்குடா" என்றேன். பேன்ட் தொளதொளவென்று இருந்ததால் தெரியவில்லை. அவன் கையில் மஞ்சள் பட்டை கட்டினார்கள், எங்கள் கையில் நீலம்.

காலையெல்லாம் தண்ணீரில் போயிற்று. நைலான் இல்லாமல் குளத்தில் இறங்கக்கூடாது என்பதால் என் மனைவி வாடகை உடையில் நின்று, "பட்டு நெய்யிறவன் பொண்டாட்டிக்கு வந்த நெலமையப் பாரு" என்று சிரித்துக்கொண்டிருந்தாள். மத்தியானம் பெரிய ரைடு. தலைகீழாகச் சுற்றும். மச்சான் மகளும் இவனும் ஒரே வயசு. இரண்டு பேரும் முக்கால் மணி நேரம் வரிசையில் நின்றார்கள், துணைக்கு நான். வாசலில் இருந்த பையன் பட்டையைப் பார்த்துவிட்டு, "மஞ்சளுக்கு இது கிடையாது தம்பி" என்றான். தோளை அழுத்திப் பிடிக்கிற கம்பி பெரிய உடம்புக்குச் செய்தது, சின்னப் பிள்ளை என்றால் நழுவிவிடும் என்று விளக்கம் வேறு சொன்னான்.

என் மகன் பதில் பேசவில்லை. அங்கேயும் ஒரு பலகை இருந்தது. போய் அதில் முதுகை ஒட்டி, குதிகாலைச் சேர்த்து, விறைப்பாக நின்றான். கோடு அவன் தலைக்குக் கீழே இருந்தது. அந்தப் பையன் என்னைப் பார்த்தான். "கவுண்டர்ல மிச்சக் காசு கட்டிட்டு வாங்க சார், ஏத்திக்கறேன்."

பையில் பணம் இருந்தது. பின்னால் நிற்கிற நாற்பது பேரும் என்னையே பார்ப்பதுபோல இருந்தது. "வேணாம், அடுத்த தடவ வரலாம்" என்று சொல்லி அவன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்தேன். மச்சான் மகள் மட்டும் ஏறினாள். அவள் அலறுகிற சத்தம் நாங்கள் உட்கார்ந்திருந்த சிமென்ட் பெஞ்சு வரைக்கும் கேட்டது. ஐஸ்க்ரீம் வாங்கிக் கொடுத்தேன். உருகிக் கைவழியே ஒழுகும்வரை வைத்திருந்தான்.

இதுவரை சொன்னதைக் கஞ்சத்தனம் என்று தள்ளிவிடலாம். வேனில் திரும்பும்போது மச்சான், "உன் புள்ள ஏன் ஏறல?" என்றார். நான் யோசிக்கக்கூட இல்லை. "கிட்டப் போனதும் பயந்துட்டான்" என்றேன். வேன் முழுக்கச் சிரித்தது. அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். என்னைக் காட்டிக்கொடுக்க ஒரு வார்த்தை போதும். ஆரணி வந்து சேரும்வரை அவன் அதைச் சொல்லவில்லை.

இப்போது ஓசூரில் வேலை, என்னைவிட ஒரு சாண் உயரம். தறிக் கம்பத்தில் அந்தப் பென்சில் கோடு இன்னும் இருக்கிறது. கேட்கிறவர்களிடம் ஏதோ தறிக் கணக்கு என்று சொல்லி வைத்திருக்கிறேன். போன பொங்கலுக்கு எல்லாரும் சாப்பிட உட்கார்ந்தபோது மச்சான், "நம்ம பயந்தாங்கொள்ளிக்கு இன்னொரு வடை வைம்மா" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவன் ஒரு கணம் என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டு இலையை நகர்த்திக் கொடுத்தான்.