கரோல்பாக்கில் ஒரு பழைய எஞ்சின்

தில்லிவாழ் தமிழர்க்குக் கரோல்பாக்கைப் பற்றி எடுத்துரைக்க வேண்டுவதில்லை. நம்மவர் பலர் தலைநகருக்கு வந்த புதிதில் குடியேறிய பேட்டை அது. ஆயினும், அஜ்மல்கான் சாலையில் துணிமணி வாங்கித் திரும்புவோரில் எத்தனை பேர் அதனை அடுத்துள்ள நாயிவாலாத் தெருக்களின் மோட்டார் சைக்கிள் பட்டறைகளைக் கண்டிருப்பார்கள்? 2004-ஆம் ஆண்டுவரை நாங்களும் கண்டதில்லை.

எங்கள் தந்தையார் 1974-இல் சென்னையில் ஒரு புல்லட் வாங்கினார். அவர் மாற்றலாகி வந்தபோது வண்டியும் ரயிலேறித் தில்லி வந்து சேர்ந்தது. சென்னைக்கு வடக்கே திருவொற்றியூரில், 1955-இல் தொடங்கிய கம்பெனியின் தொழிற்சாலையில் உருவான வண்டியாதலால், அதனை "நம்மூர்க்காரன்" என்றே அவர் அழைப்பார். அவர் காலமானபின் ஈராண்டு அது மாடிப்படியின் கீழே கிடந்தது. ஒரு நாள் அண்ணன் தம்பி இருவரும் ஆசை மிகுதியால், பழைய எண்ணெயை மாற்றாமலே உதைத்துக் கிளப்பிக் குதுப்மினார்வரை சென்றோம். திரும்பும் வழியில் எஞ்சினுக்குள் சுத்தியலால் தட்டுவது போன்ற ஓசை எழுந்தது. தௌலா குவான் அருகே வண்டி அடியோடு நின்றுவிட்டது.

கரோல்பாக்கில் இரண்டு கடைக்காரர்கள், "வேறு எஞ்சினைப் பூட்டிவிடலாம், ஒரு நாள் வேலை" என்றனர். மூன்றாவது பட்டறையில் இருந்த முதிய சர்தார்ஜி மட்டும் ஆர்.சி. புத்தகத்தைக் கேட்டு வாங்கினார். அதில் எழுதியிருந்த எண்ணையும் எஞ்சினில் பொறித்திருந்த எண்ணையும் ஒப்புநோக்கினார். "பேட்டா, உங்கள் அப்பா ஓட்டியது இதே எஞ்சின்தான். இதையே பிழைக்க வைப்போம்" என்றார்.

மறுநாள் எஞ்சினைப் பிரித்துக் காட்டினார். பழைய புல்லட்டில் எண்ணெய்க்குத் தனித் தொட்டி கிடையாது. எஞ்சினின் அடிப்பெட்டியிலேயே ஓர் அறை உண்டு. எங்கள் வண்டியில் அந்த எண்ணெய் சேறாகிப் போயிருந்தது. எண்ணெய் ஏறும் வழி அடைபட்டதால், கனெக்டிங் ராடின் கீழ்முனையிலுள்ள புஷ் தேய்ந்து சிதைந்திருந்தது. சிலிண்டரிலும் ஆழமான கீறல்கள். குற்றம் எஞ்சினுடையதன்று, எங்களுடையதே என்பதை உணர்ந்து தலைகுனிந்தோம்.

வார்ப்பிரும்புச் சிலிண்டரின் 70 மில்லிமீட்டர் குறுக்களவைக் கடைந்து சற்றே பெரிதாக்கி, அதற்கேற்ற பெரிய பிஸ்டனைப் பொருத்தினார்கள். கிராங்கின் இரு சக்கரங்களையும் பிரித்து, புதிய முளையும் புஷ்ஷும் இட்டு, மீண்டும் சேர்த்தார்கள். சக்கரங்கள் கோணாமல் சுழல்கின்றனவா என்று அளவுமானியை வைத்துப் பார்ப்பதிலேயே சர்தார்ஜி ஒரு பிற்பகலைச் செலவிட்டார். அத்தனை பொறுமை எங்களுக்கு இருந்திருந்தால் எஞ்சின் கெட்டே இராது!

ஒன்பதாம் நாள், அம்மீட்டர் முள் நடுவுக்கு வரும்வரை மெல்ல மிதித்து, பின் ஓங்கி உதைத்தோம். தந்தையார் காலத்து அதே நிதானமான முழக்கம் தெருவை நிறைத்தது. "முதல் 800 கிலோமீட்டர் விரட்டாதீர்கள்" என்று சொல்லி விடைகொடுத்தார் சர்தார்ஜி.

வீட்டு வாசலில் ஒலி கேட்டு அம்மா பால்கனிக்கு வந்தார். நெடுநேரம் வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தவர், "எண்ணெய் மாற்றினீர்களா?" என்று மட்டும் கேட்டார்.

பதினைந்து ஆண்டு கடந்த வண்டிகள் தில்லியில் ஓடலாகாது எனத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2014-இல் ஆணையிட்டது. மறு ஆண்டே சான்றிதழ் பெற்று, வண்டியை எண்ணூரிலிருக்கும் சித்தப்பாவுக்கு ரயிலில் அனுப்பினோம். புத்தகத்து எண்ணும் எஞ்சின் எண்ணும் ஒன்றாகவே இருந்தமையால் எவரும் எங்களை ஒரு கேள்வியும் கேட்கவில்லை. திருவொற்றியூருக்கு மிக அருகிலேயே நம்மூர்க்காரன் மீண்டும் போய்ச் சேர்ந்தான்.

அன்பர்கள் இல்லத்திலும் மாடிப்படியின் கீழ் ஒரு பழைய வண்டி உறங்கிக்கொண்டிருக்கலாம். அதனை எழுப்ப விரும்பினால், உதைக்குமுன் எண்ணெயைப் பாருங்கள்.