அரிவாள் நிற்கும் இடம்

ஜம்புவைப் பற்றிப் பேசுகிறவர்கள் அதன் மணத்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள். எனக்கோ அதை அரியும் கைதான் பெரிதாகப் படுகிறது. உத்தராகண்டின் சமோலி மாவட்டத்தில், தௌலிகங்கை ஓரமாக ஏறும் நீதிப் பள்ளத்தாக்கின் மேல்பகுதியில், 'புக்யால்' எனப்படும் புல்வெளிகளையொட்டி முளைக்கும் காட்டு வெங்காய இனம் இது. தாவரவியல் பெயர் அல்லியம் ஸ்ட்ராச்சி. 1840களில் குமாவூனில் செடிகள் சேகரித்த ரிச்சர்ட் ஸ்ட்ராச்சியின் பெயரைக் கொண்டது. ஊரில் ஜம்பு என்பார்கள், ஃபரண் என்பார்கள்; ஒரு பள்ளத்தாக்கில் இந்தச் செடிக்கு வழங்கும் பெயர் அடுத்த பள்ளத்தாக்கில் இதன் பங்காளிக்குப் போய்விடுவதும் உண்டு.

கோடையில் மலாரி போன்ற மேலூர்களுக்கு ஏறி, பனிக்கு முன் கீழே இறங்கும் போட்டியா மக்களின் தொழில்நுட்பம் மிக எளியது. இலையை மண்ணுக்குச் சற்று மேலே அரிய வேண்டும், குமிழைத் தொடக்கூடாது. குமிழ் இருந்தால் இலை மறுபடி தழையும். அரிந்ததை நிழலில் உலர்த்துகிறார்கள், வெயில் மணத்தைத் தின்றுவிடும். அடுப்பிலும் அதே நிதானம்தான்: காய்ந்த நெய்யில் ஒரு சிட்டிகை, சில நொடி, உடனே பருப்பிலோ உருளைக்கிழங்கிலோ கொட்டிவிட வேண்டும், கொஞ்சம் தாமதித்தால் கரிந்து கசக்கும். வடகம் தாளித்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சளிக்கும் செரிமானக் கோளாறுக்கும் இதையே கைமருந்தாகக் கொள்கிறார்கள். நேபாளத்தின் முஸ்தாங்கில் இதன் உறவுச் செடிகள் 'ஜிம்பு' என்ற பெயரில் உளுந்தம்பருப்பில் விழுகின்றன.

இந்தியத் தாவரங்களின் சிவப்பு நூலில் இடம்பெற்ற செடியை அரிய விடுவதே தவறு என்று ஒரு வாதம் உண்டு. அதை அப்படியே தள்ளிவிட முடியாது. அவசரத்தில் குமிழோடு பிடுங்குகிறவர்கள் இருக்கிறார்கள். பூந்தண்டையும் சேர்த்து அரிந்தால் அந்த ஆண்டு விதை இல்லை. ஆனால் இவை அரிவதன் குற்றமா, அரியத் தெரியாததன் குற்றமா? 1962 இந்திய-சீனப் போரோடு திபெத்துடனான உப்பு, கம்பளி வணிகம் நின்றது. ஆட்டு மந்தைகள் குறைந்தன, மேலே போகும் குடும்பங்களும் குறைந்தன. தெரிந்த கைகள் விலகினால் மிஞ்சுவது தெரியாத கைகள்.

புல்வெளியை முழுவதும் மூடிவிட்டால் என்ன என்பார்கள். அதே மாவட்டத்துப் பூக்களின் பள்ளத்தாக்கு 1982இல் தேசியப் பூங்காவாகி மேய்ச்சல் நின்றபின், 'அமேலா' என்னும் உயரமான செடி பரந்து மற்றப் பூச்செடிகளை நெருக்கியது. வனத்துறையே ஆள்விட்டு அதைப் பிடுங்க வேண்டியதாயிற்று. அமேலா பரவியதற்கு மேய்ச்சல் நின்றதுதான் காரணமா என்பதில் ஆய்வாளர்களிடையே ஒரே கருத்தில்லை. ஆடு மேய்ந்தால் எல்லாம் சரியாகும் என்று நானும் சொல்லவில்லை. வேலி போட்டதும் புல்வெளி பழையபடி ஆகிவிடாது என்பதற்கு இது போதும்.

நீதிப் பள்ளத்தாக்கில் பலர் ஜம்புவை வீட்டுத் தோட்டத்திலேயே வளர்க்கிறார்கள். காட்டின் மேல் விழும் பாரத்தை அது குறைக்கும். ஆனால் சந்தைக்கு வரும் உலர்ந்த இலையைப் பார்த்து, அது பாத்தியில் அரிந்ததா, புக்யாலில் குமிழோடு பிடுங்கியதா என்று சொல்லிவிட முடியாது. அதனால் எடை போட்டு அனுமதி கொடுப்பதால் பயன் குறைவு. எந்த மாதத்தில், எந்த உயரத்தில் அரிவாள் வைத்தார்கள் என்பதைச் செடி நிற்கும் இடத்திலேயே பார்க்க வேண்டும், அதைப் பார்க்கத் தெரிந்தவர்கள் அந்த மேலூர்களில்தான் இருக்கிறார்கள்.