கீசருக்குப் பின்னால் ஒரு சதுரம்

எங்கள் குளியலறைச் சுவர் வெளிர்நீலம். கீசருக்குப் பின்னால் மட்டும் பழைய ரோஸ் நிறம். இரண்டு முறை பெயின்ட் அடித்தும் அந்தச் சதுரம் அப்படியே இருந்தது. “கழற்றிக் கொடுங்கக்கா, அடிச்சிடறேன். இல்லைன்னா சுத்தி அடிச்சிட்டுப் போயிடுவேன்” என்பார் பெயின்டர். கழற்ற ஆள் வராது. சுற்றி அடித்துவிட்டுப் போவார்.

ஓசூர் ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மார்கழியில் வெந்நீர் இல்லாமல் இங்கே பொழுது நகராது. போர் தண்ணீரோ உப்பு. கீசரின் அடிப்பக்கம் துரு பிடித்துப் பொரிந்திருந்தது. வாரம் ஒருமுறை அதைத் துடைப்பவள் நான். கழற்ற வேண்டியவர் மட்டும் எப்போதும் வேறு யாரோ.

கல்யாணத்துக்கு முன்பு ஐந்து வருடம் சிப்காட்டில் அசெம்பிளி லைனில் இருந்தேன். டார்க் ஸ்க்ரூடிரைவர் பிடித்து ஒரு ஷிப்டுக்கு நூற்றுக்கணக்கான திருகுகள் முடுக்குவேன். பெண்களுக்கு விரல் நுணுக்கம், பொறுமை அதிகம் என்று சொல்லித்தான் எங்களை எடுத்தார்கள். மெஷின் நின்றால் மட்டும் விளக்கைப் போட்டுவிட்டுக் கை கட்டி நிற்க வேண்டும். மெயின்டனன்ஸ் அண்ணன் டூல்பாக்ஸோடு வருவார். ஷிப்ட் முடிகிற நேரத்தில் அதே மெஷினைத் துணி போட்டுத் துடைப்பது நாங்கள்; மூடியைத் திறப்பது அவர். 2021இல் போச்சம்பள்ளி ஓலா ஸ்கூட்டர் ஆலையைப் பெண்களே நடத்துவார்கள் என்று அறிவித்தபோது எனக்கு வந்த முதல் கேள்வி: அங்கே டூல்பாக்ஸ் யார் கையில் இருக்கும்?

போன பொங்கலுக்கு முந்தைய வாரம் பிளம்பர் மூன்று நாள் “இதோ வரேன்” என்றார். கணவருக்கு நைட் ஷிப்ட். ஞாயிறு காலை நானே ஸ்டூலைப் போட்டேன்.

“கரண்டு சமாச்சாரம். அவன் வரட்டும்மா” என்றார் அத்தை.

எம்சிபியை இறக்கினேன். டெஸ்டரை முதலில் வேலை செய்கிற பிளக்கில் வைத்து, அது எரிகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கீசர் வயரில் வைத்தேன். தண்ணீர் வரும் வால்வை மூடி, வெந்நீர்க் குழாயைத் திறந்துவிட்டேன். மேலே காற்று புக வழி இருந்தால்தான் தொட்டித் தண்ணீர் கீழே இறங்கும். 15 லிட்டர் என்றால் தண்ணீரே 15 கிலோ. அதை வடிக்காமல் தூக்கினால் இடுப்பு போய்விடும். வயரையும் குழாய்களையும் கழற்றி, மகள் ஒரு பக்கம் பிடிக்க, கொக்கியிலிருந்து தூக்கி இறக்கினோம்.

அடி மூடியைத் திறந்தால் எலிமென்ட் மேல் சுண்ணாம்பு ஓடு, விரல் தடிமனுக்கு. இத்தனை நாள் கரண்ட் பில்லில் நாங்கள் சூடாக்கியது அதைத்தான். வினிகரில் ஊறவைத்ததும் நுரைத்துக்கொண்டு பெயர்ந்தது. பக்கத்திலேயே மெக்னீசியம் கம்பி: தொட்டி துருப்பிடிக்காமல் இருக்கத் தன்னைக் கரைத்துக்கொள்வது. குடும்பப் பெண்ணுக்கு உவமை சொல்ல யாருக்கும் கை துறுதுறுக்கும். நான் சொல்லப்போவதில்லை. தேய்ந்தால் மாற்ற வேண்டிய உதிரிபாகம் அது, மாற்றினேன்.

வெளிக்கூட்டை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, ரெட் ஆக்சைடு ஒரு கை, எனாமல் இரண்டு கை. சேஃப்டி வால்வில் மட்டும் பெயின்ட் படவிடவில்லை. அது அடைத்துக்கொண்டால் ஆபத்து. சுவர்ச் சதுரமும் நீலமானது. காய்கிறவரை இரண்டு நாள் அடுப்பில்தான் வெந்நீர். அத்தை முனகிக்கொண்டே போட்டுக் கொடுத்தார்.

மாட்டிய அன்று மூடி ஓரத்தில் கசிந்தது. பழைய கேஸ்கெட்டையே போட்டிருந்தேன், என் தப்பு. புதிது வாங்கிவந்து போட்டு, குழாயில் தண்ணீர் சீராக வரும்வரை தொட்டியை நிரப்பிய பிறகுதான் சுவிட்சைப் போட்டேன். வெறும் தொட்டியில் போட்டால் எலிமென்ட் எரிந்துவிடும்.

மறுநாள் காலை கணவர் குளித்துவிட்டு வந்தார். “தண்ணி நல்லா சுடுதே! பிளம்பர் எவ்வளவு வாங்கினான்?”

“500 ரூபாய்.”

பர்ஸிலிருந்து எடுத்துக் கொடுத்தார். அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்த அத்தை ஒன்றும் சொல்லவில்லை. அன்று சாயங்காலமே பஸ் ஸ்டாண்டு பக்கம் போய் ஒரு ஸ்பேனர் செட் வாங்கினேன்.