சலி என்றால் சளி இல்லை

உங்க வீட்ல பாட்டி பேசற எல்லா வார்த்தையும் உங்களுக்குப் புரியுமா? உடனே 'ஆமா'ன்னு சொல்லிடாதீங்க. நானும் போன வருஷம் வரைக்கும் அப்படித்தான் சொல்லிட்டு இருந்தேன்.

எங்க வீடு உடுமலைப்பேட்டைப் பக்கம். வீட்டில் பேசுவது தெலுங்கு. அவ்வா தெலுங்கில் கேட்பார், நான் தமிழில் பதில் சொல்வேன். படித்தது எல்லாம் இங்கிலீஷ் மீடியம். ரெஸ்யூமில் 'தெரிந்த மொழிகள்' என்ற இடத்தில் மூன்றையும் போட்டிருக்கிறேன். யாரும் செக் பண்ண மாட்டாங்கன்னு ஒரு தைரியம்.

ஆறாவது செமஸ்டரில் ஒரு ஓபன் எலெக்டிவ். செமினாருக்குச் சீட்டுக் குலுக்கிப் போட்டார்கள். எனக்கு வந்தது 'அக்கான், ஐரிஷ் மொழிகள்: ஓர் ஒப்பீடு'. ஒன்று ஆப்பிரிக்காவில் கானா நாட்டு மொழி, இன்னொன்று அயர்லாந்து மொழி. ரெண்டுக்கும் என்னடா சம்பந்தம்னு தலையைப் பிச்சுக்கிட்டேன்.

உட்கார்ந்து படித்தபோது சுவாரசியமாகத்தான் இருந்தது. ஐரிஷில் 'ஆமா', 'இல்ல' என்பதற்குத் தனி வார்த்தை கிடையாது. "போனியா?" என்று கேட்டால் "போனேன்" என்று வினைச்சொல்லையே திருப்பிச் சொல்ல வேண்டும். நாமும் பாதி நேரம் அப்படித்தானே பேசுகிறோம்? அக்கானில் குரலின் ஏற்ற இறக்கம் மாறினால் அர்த்தமே மாறிவிடும். குழந்தை பிறந்த கிழமையை வைத்தும் பெயர் உண்டு. கோஃபி அன்னான் பெயரில் இருக்கும் 'கோஃபி' வெள்ளிக்கிழமை பிறந்த பையன்.

ஆனால் என்னை நிறுத்தியது இலக்கணம் இல்லை, கணக்கு. அயர்லாந்தின் 1937 அரசியல் சட்டத்தில் ஐரிஷ்தான் முதல் ஆட்சிமொழி. பள்ளியில் கட்டாயப் பாடம். 2007 முதல் ஐரோப்பிய யூனியனின் அலுவல் மொழிகளில் ஒன்று. 2022 சென்சஸில் 18 லட்சம் பேருக்கு மேல் 'எனக்கு ஐரிஷ் பேசத் தெரியும்' என்று சொன்னார்கள். வகுப்பறைக்கு வெளியே தினமும் பேசுபவர்கள் சுமார் 72,000 பேர்தான். அக்கானின் கதை நேர் எதிர். கானாவின் ஆட்சிமொழி இங்கிலீஷ். ஆனால் ஏறக்குறைய பாதி நாட்டுக்கு அக்கான் தாய்மொழி, சந்தையிலும் பஸ்ஸிலும் மற்றவர்களும் அதைப் பேசுகிறார்கள். ஒன்றுக்கு நாற்காலி இருக்கு, உட்கார ஆள் கம்மி. இன்னொன்றுக்கு ஆள் இருக்கு, நாற்காலி இல்லை.

ரூம்மேட்டிடம் இதைச் சொன்னேன். அவன் கோத்தகிரிப் பக்கத்துப் படுகர். சிரித்துவிட்டு, "இதுக்கு எதுக்குடா அயர்லாந்து வரைக்கும் போற? நம்ம ரூம்லயே ரெண்டும் இருக்கு" என்றான்.

யோசித்துப் பார்த்தால் சரிதான். தெலுங்குக்கு ஒன்றுக்கு ரெண்டு மாநிலம், 2008-இல் செம்மொழி அந்தஸ்து, அவ்வளவு பெரிய சினிமா. தமிழ்நாட்டிலேயே 2011 சென்சஸ்படி 42 லட்சம் பேருக்குத் தாய்மொழி. இவ்வளவு இருந்தும் எனக்கு அதில் ஒரு எழுத்துகூட வாசிக்கத் தெரியாது. படுக மொழிக்கு வழிவழியாக வந்த தனி எழுத்து இல்லை, சென்சஸில் கன்னடத்தின் கீழ்தான் சேர்க்கிறார்கள். 2011-இல் அதைத் தாய்மொழி என்று சொன்னவர்கள் 1,33,000 பேருக்குச் சற்று மேல். ஆனால் அவன் தினமும் ராத்திரி வீட்டுக்கு போன் போட்டால் அரை மணி நேரம் படுகுதான், தம்பியோடும் படுகுதான்.

அன்று ராத்திரி தூங்காமல் வார்த்தைகளை அடுக்கிப் பார்த்தோம். எனக்குப் பால், புலி. அவ்வாவுக்குப் பாலு, புலி. அவனுக்கு ஹாலு, ஹுலி. நம் 'ப' அவர்களுக்கு 'ஹ'. தமிழில் புத்தகத்தில் மட்டும் பார்க்கும் 'செப்பு', 'இல்' எல்லாம் எங்க வீட்டுச் சமையலறையில் 'செப்பு', 'இல்லு' என்று நடமாடிக்கொண்டிருக்கிறது. அவ்வா போனில் "திண்ட்டிவா?" என்று கேட்டதைக் கேட்டு அவன், "என்னடா, பாட்டி உன்னைத் திட்றாங்களா?" என்றான். தமிழில் 'தின்னியா' என்றால் சண்டைக்கு வருவார்கள், தெலுங்கில் அது பாசம்.

செமினாருக்கு நல்ல மார்க் வந்தது. இதோடு முடிந்திருந்தால் இந்தக் கட்டுரையே எழுதியிருக்க மாட்டேன்.

ரெண்டு வாரம் கழித்து அவ்வா வழுக்கி விழுந்து இடுப்பில் ஆபரேஷன். ராத்திரி துணைக்கு நான். நடு ராத்திரியில் மயக்கம் பாதி தெளிந்து, "சலி... சலி, நாயனா" என்று முனகினார். நான் வேகமாகப் போய் நர்ஸிடம், "சிஸ்டர், பாட்டிக்குச் சளி புடிச்சிருக்குங்க" என்றேன். அவர் வந்து நெஞ்சில் வைத்துப் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்காங்க தம்பி" என்று போய்விட்டார். அவ்வா மறுபடி மறுபடி அதையே சொன்னார். நானும் "காலைல டாக்டர் மருந்து தருவாரு அவ்வா" என்று சமாதானம் சொல்லிக்கொண்டே இருந்தேன்.

விடிந்து அம்மா வந்து பாதத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை. தெலுங்கில் 'சலி' என்றால் குளிர். ஏசி ரூமில் அவர் ராத்திரி முழுக்கக் கேட்டது ஒரு போர்வை. போர்வை என் தோளில் இருந்தது.

அயர்லாந்தின் 72,000 எனக்குத் தெரியும். கானாவில் எது ஆட்சிமொழி என்று தெரியும். பக்கத்துக் கட்டிலில் இருப்பவருக்குக் குளிருகிறது என்று தெரியவில்லை.

இப்போ பேசப் பழகுகிறேன். சினிமா பார்த்துக் கற்ற தெலுங்கு என்பதால் வீட்டில் எல்லோரும் சிரிக்கிறார்கள். பரவாயில்லை. தமிழில் கட்டுரை எழுத உட்கார்ந்தபோதும் ரூமில் இப்படித்தான் சிரித்தார்கள். ரெஸ்யூமில் தெலுங்குக்குப் பக்கத்தில் 'கற்றுக்கொண்டிருக்கிறேன்' என்று மாற்றிவிட்டேன்.

போன ஞாயிறு வீட்டுக்குப் போனபோது மழை. அவ்வா திண்ணையில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் போய், "அவ்வா, சலிகா உந்தா?" என்றேன். நான் பேசிய தெலுங்கைக் கேட்டு ஒரு நிமிஷம் விடாமல் சிரித்தார். அப்புறம், எனக்குப் புரிய வேண்டுமே என்று, தமிழிலேயே சொன்னார்: "இல்ல கண்ணு, குளுரல."

இத்தனை வருஷமாக அவர் எனக்காக எத்தனை தடவை இப்படி மாற்றிப் பேசியிருப்பார் என்று அப்போதுதான் தோன்றியது.

இந்த வாரம் நீங்க வீட்டுக்குப் போனால், பாட்டி சொல்வதில் புரியாத ஒரு வார்த்தையைப் பிடித்து அர்த்தம் கேட்டுப் பாருங்க. தெலுங்கோ, படுகோ, கன்னடமோ, இல்லை கொங்குத் தமிழோ, எதுவாக இருந்தாலும் சரி.